சீனா பகுப்பைச் சீர்செய்தல்: பெயர்க் குழப்பம், எண்கள், சான்றுகள்

நொச்சி:
எல்லோருக்கும் வணக்கம். நம் கலைக்களஞ்சியத்தின் சீனா பகுப்பை ஒழுங்குபடுத்த இறங்கியிருக்கிறேன். புதிதாக எதுவும் எழுதப் போவதில்லை, இருப்பதைச் சரிபார்ப்பதுதான் இப்போதைக்கு வேலை. ஆரம்பத்திலேயே தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்தவை மாகாணப் பெயர்கள்.

அடுத்தடுத்து இரண்டு மாகாணங்கள், நடுவே மஞ்சளாறு. கிழக்கே இருப்பதன் தலைநகரம் தாய்யுவான், மேற்கே இருப்பதன் தலைநகரம் சியான். சீனத்தில் இரண்டு பெயருக்கும் தொனியில்தான் வேறுபாடு. ரோமன் எழுத்தில் மேற்கு மாகாணத்துக்கு ஒரு 'ஏ' கூடுதலாகப் போட்டுச் சமாளித்துவிட்டார்கள். தமிழில் எழுதினால் இரண்டுமே ஷான்சி. 1974இல் கிணறு தோண்டிய விவசாயிகள் கண்ட சுடுமண் வீரர் சிலைப் படை சியானுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தவறான ஷான்சிக்கு உள்ளிணைப்புக் கொடுத்துவிட்டால் மொத்தப் படையும் தாய்யுவான் பக்கம் போய்விடும். தாய்யுவானின் ஷான்சியில் தாதொங் அருகே உள்ள யுன்காங் பௌத்தக் குகைகள் அதேபோல எதிர்த்திசையில் இடம் மாறும். ஒட்டிக்கொண்டிருக்கும் மாகாணங்கள் என்பதால் வரைபடத்தைப் பார்க்கிறவருக்கும் சந்தேகம் வராது.

நகரங்கள் இன்னும் மோசம். சூச்சோ என்று ஜியாங்சுவில் ஒன்று, ஆன்ஹுயில் ஒன்று. ஃபூச்சோ என்று ஃபூஜியானில் ஒன்று, ஜியாங்சியில் ஒன்று. தாய்ச்சோ, யிச்சுன் இவையும் இரண்டிரண்டு. சீன எழுத்தில் எல்லாமே வேறு வேறு.

என் யோசனை: சீன அரசு ஒவ்வொரு நிர்வாகப் பகுதிக்கும் ஆறிலக்கக் குறியீடு கொடுத்திருக்கிறது. தோட்டங்களுக்குப் பேர்போன சூச்சோ 320500, ஆன்ஹுய் சூச்சோ 341300. முதல் இரண்டு இலக்கம் மாகாணம். தாய்யுவானின் ஷான்சி 14, சியானின் ஷான்சி 61. இந்தக் குறியீட்டையும் சீன எழுத்து வடிவத்தையும் கட்டுரையின் பக்கவாட்டில் வரும் தகவற்பெட்டியில் கட்டாயம் ஆக்கிவிடலாம். இரண்டும் இல்லாத கட்டுரை 'சரிபார்க்கப்படாதவை' என்ற பகுப்பில் போய் உட்காரட்டும். என்ன சொல்கிறீர்கள்?

கூடல்நகரான்:
நல்ல யோசனை. ஆனால் குறியீடு வரை வந்துவிட்டால் ஏன் பாதியில் நிற்க வேண்டும்? மாவட்ட நிலையில் சீனாவில் 2,800க்கு மேற்பட்ட பகுதிகள் இருக்கின்றன. பெயர், குறியீடு, பரப்பளவு, 2020 கணக்கெடுப்பு மக்கள்தொகை எல்லாம் அட்டவணையாகக் கிடைக்கிறது. தானாகவே கட்டுரை ஏற்றும் நிரல், அதாவது ஒரு தானியங்கி எழுதித் தருகிறேன், ராத்திரியோடு ராத்திரியாக 2,800 குறுங்கட்டுரைகள் ஏறிவிடும். சீனா பகுப்பே மளமளவென்று நிரம்பிவிடும். கையால் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தால் நம் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் முடியும்.

ஈப்போக்காரன்:
கூடல்நகரான் அண்ணே, கொஞ்சம் பொறுங்கள். நான் ஆறாம் வகுப்பு வரை சீனப் பள்ளியில் படித்தவன், சீன எழுத்தை வாசிப்பேன். அந்த அட்டவணையைத் தானியங்கி கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஒரே ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன்.

நாம் 'நகரம்' என்று எழுதுவதற்குச் சீனத்தில் 'ஷி' என்று ஓர் எழுத்து. சோங்சிங் என்ற பெயருக்குப் பின்னால் அது இருக்கும். சூச்சோவுக்குப் பின்னாலும் இருக்கும். குன்ஷானுக்குப் பின்னாலும் இருக்கும். ஆனால் சோங்சிங் மாகாணத்துக்குச் சமமான மாநகராட்சி, 1997இல் சிச்சுவானிலிருந்து பிரித்தது. சூச்சோ அதற்கு அடுத்த நிலை. குன்ஷான் மாவட்ட நிலையில் உள்ள 'நகரம்', சூச்சோவின் நிர்வாகத்துக்குள்ளேயே இருக்கிறது. மூன்றையும் 'நகரங்கள்' பகுப்பில் போட்டு மக்கள்தொகையைக் கூட்டினால் குன்ஷான்காரர்கள் இரண்டு தடவை எண்ணப்படுவார்கள்.

'உலகின் மிகப் பெரிய நகரம் சோங்சிங், மக்கள்தொகை 3.2 கோடி' என்று இணையம் முழுக்கச் சுற்றுகிறதே, அதுவும் இப்படித்தான் வந்தது. எண் சரி, 2020 கணக்கெடுப்பில் 3.2 கோடிதான். ஆனால் சோங்சிங்கின் பரப்பு சுமார் 82,400 சதுர கிலோமீட்டர், கேரளத்தைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். உள்ளே மலை, வயல், கிராமம், யாங்சி ஆற்றுப் பள்ளத்தாக்கு எல்லாம் அடக்கம். அதை ஒரு நகரம் என்று சென்னையோடும் டோக்கியோவோடும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் எப்படி?

கூடல்நகரான்:
சரி, நிலை பார்த்துப் பிரிக்கும்படி தானியங்கியை எழுதுகிறேன். குறியீட்டில் கடைசி நான்கு இலக்கம் சுழியம் என்றால் மாகாணம். கடைசி இரண்டு மட்டும் சுழியம் என்றால் அடுத்த நிலை. குன்ஷானுக்குச் சுழியமாக முடியாது. இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

நொச்சி:
நிலை பிரிப்பதற்கு அது போதும். ஆனால் மாவட்டங்களை இணைப்பதும், மாவட்டத்தை நகர்ப்பகுதியாக உயர்த்துவதும் சீனாவில் அடிக்கடி நடக்கிறது. அப்போது குறியீடும் மாறும். எந்த ஆண்டுப் பட்டியல் என்று கட்டுரையிலேயே எழுதியாக வேண்டும். அப்புறம் 2,800 கட்டுரை ஏறினால் கவனிப்புப் பட்டியலில் வைத்துப் பார்க்க இங்கே எத்தனை பேர் இருக்கிறோம்? முதலில் மாகாணங்கள், அப்புறம் அதற்கு அடுத்த நிலை என்று போகலாம். மாவட்டங்கள் இப்போதைக்கு வேண்டாம்.

புதுவரவு:
நான் இங்கே புதிது, தவறாகக் கேட்டால் மன்னிக்கவும். சீன இணையக் கலைக்களஞ்சியமான பைடு பைக்கேயில் எல்லா ஊருக்கும் கட்டுரை இருக்கிறதே, படங்களோடு. இணையத்திலேயே மொழிபெயர்த்துப் பார்த்தேன், நன்றாகப் புரிகிறது. அதையே மேற்கோளாகக் கொடுக்கலாமா? இன்னொன்று, சீனப் பெருஞ்சுவரின் நீளம் ஓரிடத்தில் 8,851 கி.மீ. என்றும் இன்னோரிடத்தில் 21,196 கி.மீ. என்றும் இருக்கிறது. எதை நீக்குவது?

ஈப்போக்காரன்:
இரண்டையும் நீக்க வேண்டாம், இரண்டும் சரிதான். 8,851.8 என்பது மிங் வம்சம் கட்டிய சுவர் மட்டும், 2009இல் அறிவித்தது. 21,196 என்பது எல்லா வம்சங்களின் சுவர்களையும் சேர்த்து 2012இல் அறிவித்தது. வாக்கியத்தில் எந்தச் சுவர், எந்த ஆண்டு அறிவிப்பு என்று சேர்த்துவிடுங்கள், சண்டை முடிந்தது. போகிற போக்கில் 'நிலவிலிருந்து பார்த்தால் தெரியும்' என்ற வரி எங்காவது கண்ணில் பட்டால் அதைத் தாராளமாக நீக்குங்கள். 2003இல் விண்வெளிக்குப் போன யாங் லிவெய், அதுவும் பூமிக்கு மிக அருகில் சுற்றி வந்தவர், தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார்.

பைடு பைக்கே 2006இல் தொடங்கியது. அதுவும் நம்மைப் போலப் பயனர்கள் எழுதுவதுதான், அந்த நிறுவனம் மேற்பார்வை பார்க்கிறது. நம்மைப் போன்றவர்கள் எழுதியதை நாமே சான்றாகக் காட்ட முடியாது. ஆங்கில விக்கிப்பீடியாவும் அதை ஒதுக்கப்பட்ட மூலங்கள் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. ஆனால் படிக்காதே என்று சொல்ல மாட்டேன். கீழே அடிக்குறிப்பு இருக்கும். ஊராட்சி இணையதளம், புள்ளியியல் ஆண்டறிக்கை, உள்ளூர் வரலாற்றுத் தொகுதி என்று எங்காவது கொண்டுபோய் விடும். அங்கே போய்ப் படித்துவிட்டு அதைக் காட்டுங்கள். எனக்குச் செய்தி அனுப்பினால் வாசித்துச் சொல்கிறேன்.

கூடல்நகரான்:
இங்கேதான் எனக்கு உதைக்கிறது. அந்தப் பட்டியல்படி சீன அரசு சார்ந்த குளோபல் டைம்ஸ் நாளிதழ் கூடாது, சிஜிடிஎன் தொலைக்காட்சி கூடாது, பைடு கூடாது. லண்டனிலும் நியூயார்க்கிலும் அச்சானால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கலாமா? சீனாவைப் பற்றிச் சீனர்கள் சொல்வதைக் கேட்காமல் ஒரு கலைக்களஞ்சியமா? இது ஆங்கிலக்காரன் வகுத்த அளவுகோல், நாம் ஏன் அப்படியே தூக்கிக்கொண்டு வர வேண்டும்?

கல்வெட்டுப்பித்து:
தம்பி கேட்பது நியாயமான கேள்வி. சீனர் சொன்னதா, வெள்ளைக்காரர் சொன்னதா என்று பிரித்தால் வேலைக்கு ஆகாது. சொன்னவருக்கு அது எப்படித் தெரியும், அவர் எதைப் பார்த்து எழுதினார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

1959 முதல் 1961 வரை சீனாவில் நிலவிய பெரும் பஞ்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரசு வெளியிட்ட மக்கள்தொகைப் புள்ளிவிவரத்தை அப்படியே எடுத்துக் கணக்குப் போட்டால் மிகை மரணம், அதாவது வழக்கத்தைவிடக் கூடுதலான சாவு, ஒன்றரைக் கோடியைச் சுற்றி வரும். வரலாற்றாசிரியர் ஃபிராங்க் டிகோட்டர் குறைந்தது 4.5 கோடி என்கிறார். யாங் ஜிஷெங் 3.6 கோடி என்கிறார். இந்த யாங் ஜிஷெங் யார்? சீன அரசின் சின்ஹுவா செய்தி நிறுவனத்தில் பல்லாண்டு வேலை பார்த்தவர், கட்சி உறுப்பினர், அவருடைய தந்தையே அந்தப் பஞ்சத்தில் இறந்தவர். மாகாண ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து குறிப்பெடுத்து எழுதினார். சீனர் சொல்வதைக் கேட்கவேண்டும் என்றால் இவரையும் கேட்க வேண்டும் அல்லவா?

தகவற்பெட்டியில் 'இறப்பு' என்று ஒரே ஓர் எண்ணுக்குத்தான் இடம் இருக்கிறது. அந்தப் பெட்டிதான் சண்டைக்கே காரணம். பெட்டியைக் காலியாக விட்டுவிட்டு, யார் எந்தத் தரவை வைத்து எவ்வளவு கணக்கிட்டார் என்று உரையில் நான்கு வரி எழுதினால் யாரும் யாரையும் நீக்க வேண்டியதில்லை.

சின்ஹுவாவை முழுக்க ஒதுக்கவும் வேண்டாம். அமைச்சரவை இன்னாரை நியமித்தது, இந்தத் தேதியில் பாலம் திறக்கப்பட்டது என்பதற்கெல்லாம் அது போதுமான சான்று. ஷின்ஜியாங்கில் என்ன நடக்கிறது என்பதற்கு 'சீன அரசின் நிலைப்பாடு இது' என்று பெயர் சொல்லி எழுதலாம், கலைக்களஞ்சியத்தின் குரலில் எழுதக்கூடாது.

நொச்சி:
சரிபார்ப்பதற்கான வழியும் குறுகிக்கொண்டே வருகிறது. 2019 ஏப்ரலிலிருந்து சீனப் பெருநிலத்தில் விக்கிப்பீடியாவின் எல்லா மொழிப் பதிப்புகளும் முடக்கம். அதனால் உள்ளூர்க்காரர் ஒருவர் வந்து 'எங்கள் ஊர்ப் பாலம் அது இல்லை' என்று திருத்துவது அரிது. சீன ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் சிஎன்கேஐ தளமும் 2023 ஏப்ரலில் முனைவர் பட்ட ஆய்வேடுகள், புள்ளியியல் ஆண்டறிக்கைகள் போன்றவற்றை வெளிநாட்டவர்களுக்கு நிறுத்திவிட்டது. ஏற்கெனவே கொடுத்திருக்கும் இணைப்புகளில் எவை திறக்கின்றன என்று பார்த்து, பக்கங்களை இணையக் காப்பகத்தில் சேமித்துவைப்பது நல்லது.

யாழ்வாசி:
சான்று இருக்குது, அடிக்குறிப்பு இருக்குது எண்டு மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. சீன மொழி விக்கிப்பீடியாவில் நடந்த கதை தெரியுந்தானே? 'ஜெமாவ்' என்ற பெயரில் ஒருவர் பத்து வருசத்துக்கு மேலாக மத்தியகால ரஷ்ய வரலாறு பற்றி 200க்கு மேற்பட்ட கட்டுரைகள் எழுதினவர். போர், சுரங்கம், இளவரசர், வரைபடம் எல்லாம் உண்டு. ரஷ்ய நூல்களைப் பக்க எண்ணோடு காட்டியிருந்தார். பெரும்பகுதி முழுக் கற்பனை. காஷின் வெள்ளிச் சுரங்கம் எண்ட ஒன்றைப் பற்றிக் கதைக்கு விவரம் தேடிப்போன சீன எழுத்தாளர் ஒருவர்தான் 2022 ஜூனில் கண்டுபிடித்தார். அப்படி ஒரு சுரங்கமே இல்லை.

அத்தனை வருசம் ஏன் ஒருவரும் பிடிக்கவில்லை? அடிக்குறிப்பில் இருந்தது ரஷ்ய மொழி, வாசித்தவர்கள் சீனர்கள். ஒருவரும் புத்தகத்தைத் திறந்து பார்க்கவில்லை. எங்கட சீனா பகுப்பும் அதே நிலையில்தான் இருக்குது. அடிக்குறிப்பில் சீனம், வாசிப்பது நாங்கள். ஈப்போக்காரனைப் போல ஒருவர் இல்லாவிட்டால் எங்களுக்கும் அதே கதிதான்.

ஈப்போக்காரன்:
அண்ணே, என் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிடாதீர்கள். நவீன சீனம் வாசிப்பேன், செவ்வியல் சீனத்தில் தடுமாறுவேன். ஆனால் பழைய ஆட்கள் விஷயத்தில் ஒரு குறுக்கு வழி உண்டு. ஹார்வர்டு, பெயிஜிங் பல்கலைக்கழகம், தாய்வானின் அகாதெமியா சினிகா மூன்றும் சேர்ந்து நடத்தும் சீன வாழ்க்கை வரலாற்றுத் தரவுத்தளத்தில் லட்சக்கணக்கான பழைய ஆட்களுக்கு எண் இருக்கிறது. விக்கிப்பீடியாவின் தரவுக் கிடங்கான விக்கித்தரவிலும் அந்த எண்ணைச் சேர்க்க இடம் உண்டு. எண் இருந்தால் ஆள் யாரோ இட்டுக்கட்டியவர் இல்லை என்பதாவது உறுதி.

பேரரசர்களுக்கு இது ரொம்ப அவசியம். தாய்சோங் என்பது கோயில் பெயர், அதாவது இறந்தபின் வழிபாட்டுக்காகக் கொடுப்பது, தாங் வம்சத்திலும் ஒருவர் இருக்கிறார், சோங் வம்சத்திலும் இருக்கிறார். காங்சி என்பது ஆட்சியாண்டுப் பெயர், மனிதரின் பெயர் இல்லை. அவர் அரியணை ஏறியது 1661, காங்சி முதலாம் ஆண்டு தொடங்கியது 1662. 'ஆட்சி 1661' என்று ஒரு கட்டுரையும் '1662' என்று இன்னொன்றும் சொல்வதைப் பிழை என்று நினைத்து ஒன்றை அழிக்காதீர்கள்.

பல்லவன்_மைந்தன்:
போதிதர்மர் கட்டுரையில் 'காஞ்சிபுரத்தில் பிறந்த பல்லவ இளவரசர், சீனர்களுக்குக் குங்ஃபூ கற்றுக்கொடுத்தவர்' என்ற வரியை நீக்கியது யார்? உலகமே ஒப்புக்கொண்ட உண்மை. தமிழனின் பெருமையைத் தமிழனே அழிப்பதா? தமிழ்ப் பத்திரிகைச் செய்திகளை மூன்று மேற்கோளாகக் கொடுத்திருந்தேனே?

நொச்சி:
நீக்கியது நான்தான். மூன்று செய்திகளும் 2011இல் போதிதர்மரை வைத்து 'ஏழாம் அறிவு' சினிமா வந்த பிறகு எழுதியவை. இரண்டில் வரி வரியாக நம் பழைய கட்டுரையே இருக்கிறது. நம்மிடம் படித்துப் பத்திரிகை எழுதியதை, நாம் பத்திரிகையைக் காட்டி உறுதிசெய்தால் அது சான்றாகாது.

பல்லவன்_மைந்தன்:
அப்போ அவர் தமிழர் இல்லை என்று எழுதப் போகிறீர்களா?

கல்வெட்டுப்பித்து:
அப்படியும் எழுத மாட்டோம். பழைய நூல்கள் என்ன சொல்கின்றன என்று காலவரிசையில் வைப்போம், வாசகர் பார்த்துக்கொள்ளட்டும்.

547 வாக்கில் யாங் சுவான்ஜி லுவோயாங் நகரத்து விகாரைகளைப் பற்றி எழுதினார். அதில் போதிதர்மர் மேற்கிலிருந்து வந்த பாரசீகத் துறவி. யொங்நிங் விகாரையின் கோபுரம் வெயிலில் மின்னுவதைப் பார்த்து மெய்மறந்து நிற்கிறார், தனக்கு வயது 150 என்கிறார். ஏறத்தாழ அதே காலத்து தான்லின், அவரைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறார். ஏழாம் நூற்றாண்டில் தாவோசுவான் தென்னிந்தியப் பிராமணர் என்கிறார். 1004இல் தொகுத்த சென் (ஜென்) பௌத்த மரபு வரலாற்றில் அரசருக்கு 'சியாங்ஜி' என்ற பெயர் இருக்கிறது. அதைக் காஞ்சி என்று படிப்பது பிற்கால ஆய்வாளர்களின் ஊகம். 'பல்லவர்' என்ற சொல் இந்த நூல்கள் எதிலும் கிடையாது.

குங்ஃபூ கதை இன்னும் பிந்தியது. அவர் எழுதியதாகச் சொல்லும் தசைநார்ப் பயிற்சி நூல் 17ஆம் நூற்றாண்டுப் படைப்பு. அதன் முன்னுரை தாங் காலத்துத் தளபதி எழுதியதாகக் காட்டிக்கொள்ளும் போலி என்று சீன ஆய்வாளர் தாங் ஹாவ் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே எழுதிவிட்டார். 547இல் எழுதிய ஆளுக்குச் சண்டைக்கலை பற்றி ஒரு வரிகூடத் தெரியவில்லை.

தமிழன் பெருமைக்குக் கைக்குச் சிக்கும் சான்று வேண்டுமென்றால் சீனத் துறைமுக நகரமான குவான்சோவுக்குப் போங்கள். அங்கே சக ஆண்டு 1203, அதாவது கி.பி. 1281 சித்திரையில் வெட்டிய தமிழ்க் கல்வெட்டே இருக்கிறது. சம்பந்தப் பெருமாள் என்பவர் சீனாவை ஆண்ட மங்கோலியக் கானின் உடல்நலத்துக்காக இறைவனை எழுந்தருளச் செய்தார் என்று சொல்கிறது, கடைசியில் சீன எழுத்து. ஆனால் அதையும் 'குப்லாய்கான் சிவன் கோயில் கட்டினான்' என்று மாற்றி எழுதிவிடாதீர்கள். எழுந்தருளச் செய்தவர் சம்பந்தப் பெருமாள்.

யாழ்வாசி:
அதே மாதிரித்தான் காலி மும்மொழிக் கல்வெட்டும். மிங் வம்சத்துக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது. 1911இல் காலியில் ஒரு மதகுக் கல்லாகக் கிடந்ததை எடுத்தவை, இப்ப கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்குது. 'ஒரே செய்தியை மூன்று மொழியில் பொறித்தது' என்றுதான் கனபேர் எழுதுகினம். நேரில் போய்ப் பார்த்தாலும் தெரியாது, எழுத்து அவ்வளவு தேய்ந்துபோச்சு. இலங்கைத் தொல்லியலாளர் பரணவிதான 1933இல் பதிப்பித்த தமிழ்ப் பகுதியை வாசியுங்கோ. சீனப் பகுதி புத்தருக்கு. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாருக்கு. பாரசீகப் பகுதி அல்லாவுக்கு. காணிக்கைப் பட்டியல் மட்டும் ஏறக்குறைய ஒன்று: பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம், பட்டு, எண்ணெய் என்று போகுது. மூன்று சாமிக்கும் தனித்தனியாகக் கும்பிடு போட்டிருக்கிறார்கள். ஒரே செய்தி என்று எழுதினால் கல்லில் இருக்கிற முக்கியமான விஷயமே போய்விடும்.

தேதியிலும் கவனம். கல்லில் இருப்பது மிங் பேரரசரின் ஆட்சியாண்டுப் பெயரான யொங்லே ஏழாம் ஆண்டு இரண்டாம் மாதம், அதாவது 1409 பெப்ரவரி. கல்லைச் சீனாவிலேயே வெட்டிக் கப்பலில் ஏற்றினவை, ஆகவே அந்தத் தேதியைக் 'காலியில் நாட்டிய நாள்' என்று தகவற்பெட்டியில் போடக்கூடாது.

கூடல்நகரான்:
யாழ்வாசி சொன்ன இதை உடனே சேர்த்துவிடலாம். தானியங்கி விஷயத்தில் ஒன்று கேட்கிறேன். கட்டுரை உருவாக்க வேண்டாம், சரி. இருக்கும் கட்டுரைகளின் தகவற்பெட்டிக் குறியீட்டையும் விக்கித்தரவில் இருக்கும் குறியீட்டையும் ஒப்பிட்டு, பொருந்தாதவற்றைப் பட்டியல் மட்டும் போடும்படி எழுதட்டுமா? எதையும் திருத்தாது, உரையாடல் பக்கத்தில் பட்டியல் மட்டும்.

நொச்சி:
அது அருமை. பட்டியல் வந்ததும் ஈப்போக்காரனும் நானும் கையால் பார்க்கிறோம். புதுவரவு, உங்களுக்கு நேரம் இருந்தால் இரண்டு தாய்ச்சோவையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜெஜியாங் தாய்ச்சோ 331000, ஜியாங்சு தாய்ச்சோ 321200. முதலில் படங்களைப் பாருங்கள், படங்களைச் சேமித்துவைக்கும் பொதுக்கோப்பகத்தில் கலந்து கிடக்க வாய்ப்பு அதிகம்.

புதுவரவு:
எடுத்துக்கொள்கிறேன். ஒரு கடற்கரைப் படம் ஜியாங்சு தாய்ச்சோ கட்டுரையில் இருக்கிறது. அந்த ஊர் யாங்சிக் கரையில் இருக்கிறது, கடலே கிடையாதே. மாற்றிவிடட்டுமா?

ஈப்போக்காரன்:
படத்தின் விவரப் பக்கத்தில் சீன எழுத்தில் ஊர்ப்பெயர் இருக்கும், அதை எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டு மாற்றலாம்.

பல்லவன்_மைந்தன்:
கல்வெட்டுப்பித்து ஐயா எழுதிய காலவரிசையைக் கட்டுரையில் போட்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை. 'தென்னிந்தியர்' என்பது முதல் பத்தியிலேயே வர வேண்டும். பாரசீகம் என்பதை மட்டும் தூக்கி முன்னால் வைத்தால் மறுபடி சண்டைக்கு வருவேன்.

கல்வெட்டுப்பித்து:
இரண்டும் முதல் பத்தியிலேயே வரும், எது எந்த நூலில் என்ற விவரத்தோடு.

பல்லவன்_மைந்தன்:
சரி. படத்துக்குக் கீழே 'காஞ்சிபுரத்துப் போதிதர்மர்' என்று இருப்பதையாவது விட்டுவைக்கலாமே?

நொச்சி:
அந்தப் படம் யொஷிதொஷி என்ற ஜப்பானியர் 1887இல் செய்த மர அச்சு ஓவியம். கீழே அவர் பெயரையும் ஆண்டையும் போட்டுவிட்டேன்.